நாயின் வட்டிலும் நாட்டின் சட்டமும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவீதியில் வெள்ளாங்குளம் என்னும் ஊர் இருக்கிறது. ஒருபுறம் குளமும் வயலும். மேற்கே சிறிது தூரம் நடந்தால் பாக்குக் குடாவின் ஆழமற்ற கடல். 2008ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் அவ்வட்டாரத்து மக்கள் வீடு வாசல்களைத் துறந்து இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டு வந்து வெறுந்தரையிலிருந்து வாழ்வைத் தொடங்கினர். 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்பு யாழ்ப்பாணத்துக்கும் அவ்வூருக்கும் இடையிலான பிரயாணம் எளிதாயிற்று. அந்தப் பாலத்தைக் கடந்துதான் என் பழைய மாணவன் ஒருவன் அண்மையில் என்னைத் தேடி வந்தான். அவன் கையிலே ஒரு கடிதம், முகத்திலே வாட்டம்.

அவனுடைய தாயார் கடற்கரை வாடியொன்றில் கருவாடு போடுபவர். ஜெர்மனியில் வாழும் சிறிய தாயார் ஊருக்கு வந்து திரும்பும்போது, உப்பிடாமல் உலர்த்திய காரல் மீனிற் சிறிது கொண்டு சென்றிருக்கிறார். அங்கே அவர் வளர்க்கும் நாய் அதனை விரும்பி உண்டதாம். அயல் வீட்டாரின் நாய்களும் உண்டனவாம். “முப்பது கிலோ அனுப்பி வை, கடையிற் கொடுத்து விற்கலாம்” என்று செய்தி வந்தது. தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் மீன் வாங்கி, உலர்த்தி, அழகிய பைகளில் அடைத்து, நாயின் படமும் ஒட்டி அனுப்பினார்கள். பொதி எல்லையில் நிறுத்தப்பட்டது, பின்னர் அழிக்கப்பட்டது. அதற்கான செலவையும் பெறுநரே செலுத்த வேண்டுமென்று எழுதியிருந்தது அந்தக் கடிதம்.

“சேர், சித்தி பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டு போனதும் இதே கருவாடுதான். அப்ப ஒருத்தரும் மறிக்கேல்லை. மனிசர் தின்னுறதை நாய் தின்னக் கூடாதோ?” என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. அதற்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. “தம்பி, ஒரு கிழமை பொறு; படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். படித்தறிந்தவற்றை, அவனைப் போன்ற பிற இளைஞர்க்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகின்றேன்.

ஒரு கருவாடு, இரண்டு சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் பிரயாணி, தன் சொந்த உபயோகத்துக்காக மீனும் மீனாற் செய்த பண்டங்களும் 20 கிலோ வரையிற் கொண்டு செல்லலாம். 2019ஆம் ஆண்டின் 2122ஆம் இலக்க ஒழுங்குவிதி இதனை அனுமதிக்கின்றது. இறைச்சிக்கும் பாலுக்கும் இந்தச் சலுகை பொதுவாக இல்லை. ஆகவே சிறிய தாயாரின் பெட்டியில் இருந்த கருவாட்டை எவரும் தடுக்கவில்லை.

ஆனால் அதே கருவாட்டின் மீது “நாய்த் தீன்” என்று எழுதி, விற்பனைக்கென அனுப்பியவுடன் அது வேறொரு சட்டத்தின் கீழ்ச் சென்றுவிடுகின்றது. மனிதர் உண்ணாத விலங்குப் பொருள்கள் யாவற்றையும் ஆளுகின்ற 1069/2009 என்னும் ஒழுங்குவிதியும், அதனை நடைமுறைப்படுத்தும் 142/2011 என்னும் ஒழுங்குவிதியுமே அவை. பொருள் ஒன்றுதான், அது செல்லும் வழியும் சென்றடையும் வாயும் வேறு. ஒரு நாய்க்கு உடல்நலக் காரணத்தால் தேவைப்படும் விசேட தீனைக்கூட, கடையில் அடைத்து விற்ற முத்திரை உடையாத பொதியாக, 2 கிலோவுக்கு மேற் பிரயாணி கொண்டு செல்ல முடியாது.

நாய்த் தீனுக்கு இத்தனை கட்டுக்காவல் எதற்கு என்று நகைக்கத் தோன்றும். நம் வீடுகளில் நாய்க்கென்று தனியே உலை வைத்தவர் யார்? மீந்த சோறும் மீன் தலையுமே அதன் உணவு. மேனாட்டிலும் முன்பு அவ்வாறே இருந்தது. 1860ஆம் ஆண்டளவில், இடிதாங்கி விற்பதற்காக இலண்டனுக்குச் சென்ற ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், கப்பலோட்டிகள் வீசியெறிந்த கடின பிஸ்கோத்துகளைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைக் கண்டாராம். அக்காட்சியிலிருந்து பிறந்ததே நாய் பிஸ்கோத்து. அன்று தொடங்கிய தொழில் இன்று உலகெங்கும் பரந்து கிடக்கின்றது. தொழில் பெருகியபோது அதனுடன் துன்பங்களும் வந்தன. அத்துன்பங்களின் வரலாற்றை அறிந்தால் நகைப்பு அடங்கிவிடும்.

மூன்று பாடங்கள்

முதலாவது, பித்துப்பிடித்த மாடுகளின் கதை. 1986ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் மாடுகளுக்கு விசித்திரமான மூளை நோயொன்று கண்டறியப்பட்டது. இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து, புல் மேய வேண்டிய மாட்டுக்கே தீனாகக் கொடுத்ததனால் நோய் பரவிற்று. 1988ஆம் ஆண்டில் அத்தீன் தடை செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டில் பூனையொன்றிலும் அதையொத்த நோய் காணப்பட்டது. 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மனிதர்க்கு வந்த ஒருவகைக் கொடிய மூளை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாமென்று பிரித்தானிய அரசாங்கம் பாராளுமன்றத்தில் அறிவித்தது. அந்நாட்டில் 180,000க்கு மேற்பட்ட மாடுகள் அந்நோய்க்கு உள்ளாயின. கவலையீனமாகக் கலந்த தீன் ஒரு தேசத்தின் உழவரையும் உண்போரையும் ஒருங்கே வருத்தியது.

இரண்டாவது, பேராசையின் கதை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. ஒரு கனடிய நிறுவனம் ஆறு கோடி தகரங்களையும் பைகளையும் கடைகளிலிருந்து மீளப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் இரசாயனம் கலந்திருந்தமை பின்பு வெளியாயிற்று. புரதத்தை அளக்கும் சோதனை, உண்மையில் நைதரசனையே அளக்கின்றது. மெலமைனில் நைதரசன் மிகுதி. எனவே மட்டமான மாவில் அதனைக் கலந்தால், சோதனையில் உயர்ந்த மா போலத் தோன்றும். அடுத்த ஆண்டிற் சீனாவிலேயே அதே இரசாயனம் குழந்தைகளின் பால்மாவிலும் காணப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்! நாயின் வட்டிலில் நிகழ்ந்தது குழந்தையின் கிண்ணத்துக்கு வந்த முன்னறிவித்தல் அன்றோ? 2011ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், மனிதர் உணவுடன் விலங்குகளின் தீனையும் சேர்த்தே ஆளுகின்றது.

மூன்றாவது, அசட்டையின் கதை. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 150க்கும் மேற்பட்டோர் சல்மனெல்லா என்னும் கிருமியால் நோயுற்றனர். நாய் கடித்து விளையாடுவதற்கென உலர்த்தி விற்கப்பட்ட பன்றிக் காதுகளே காரணமென அறியப்பட்டது. அவர்கள் அதனை உண்டவர்கள் அல்லர். நாய்க்கு எடுத்துக் கொடுத்த கை, நாய் நக்கிய முகம், அதனுடன் தரையிற் புரண்ட சிறுவர் என்று கிருமி வழி தேடிக்கொண்டது.

இந்த மூன்றையும் கேட்டபோது என் மாணவன் தலை குனிந்திருந்தான். “நாங்கள் ஒண்டும் கலக்கேல்லையே, சேர்” என்றான். உண்மைதான். ஆயினும், கலக்கவில்லை என்பதை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் ஒருவர் எங்ஙனம் அறிவார்? நம்முடைய நேர்மையை நம்மைக் காணாதவர்க்கு நிரூபிக்கும் வழியே இச்சட்டங்கள் கேட்கும் சான்று.

வாயிலுக்கு ஐந்து பூட்டுகள்

ஐரோப்பியச் சந்தையில் மீன் கலந்த நாய்த் தீனை முறைப்படி இறக்க வேண்டுமாயின் ஐந்து பூட்டுகளைத் திறத்தல் வேண்டும்.

முதற் பூட்டு நாடு. அத்தகைய பொருளை அனுப்ப அனுமதி பெற்ற நாடுகளின் பட்டியலில் அனுப்பும் நாடு இருத்தல் வேண்டும். இதனைத் தனியொருவர் செய்ய முடியாது. அரசாங்கமே செய்ய வேண்டியது.

இரண்டாம் பூட்டு தொழிலகம். தயாரிக்கும் இடம் தன் நாட்டு அதிகாரிகளாற் பரிசோதிக்கப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற பட்டியலில் இடம்பெற வேண்டும். வீட்டு முற்றமும் கடற்கரை மணலும் அப்பட்டியலில் ஏறா.

மூன்றாம் பூட்டு தயாரிப்பு முறை. தகரத்தில் அடைக்காத பதனிட்ட தீன், உட்புறம் முழுவதும் குறைந்தது 90 பாகை செல்சியஸ் வெப்பம் பெறுதல் பொதுவிதி. உலர்த்துதல் போன்ற பிற முறைகளுக்கும் இடமுண்டு. ஆனால் அம்முறை தீங்கற்றதென அதிகாரிகள் ஏற்று அனுமதித்திருக்க வேண்டும். வெயிலில் காயவைத்தோம் என்று சொன்னால் மட்டும் போதாது. அதன் பின்பும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்து மாதிரிகள் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 25 கிராமில் சல்மனெல்லா அறவே இருத்தல் ஆகாது. ஐந்தில் ஒன்று தவறினாலும் தொகுதி முழுவதும் தவறியதே.

நான்காம் பூட்டு சான்றிதழ். அரசாங்க அதிகாரி ஒப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் பொருளுடன் செல்ல வேண்டும். அதன் வாசகம் அனுப்புவோர் விருப்பப்படி எழுதுவதன்று. சட்டத்தின் பின்னிணைப்பில் அச்சிட்டுள்ள மாதிரியையே பின்பற்ற வேண்டும். தகரத்தில் அடைத்த தீனுக்கு ஒரு மாதிரி, அடைக்காததற்கு ஒன்று, கடித்து மெல்லும் பண்டத்துக்கு ஒன்று, பச்சைத் தீனுக்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. மாதிரி மாறினால் பொதியும் மறிக்கப்படும்.

ஐந்தாம் பூட்டு எல்லை. பொதி வருமுன்பே இறக்குமதியாளர் கணினி வழியாக அறிவித்தல் வேண்டும். குறித்த எல்லைச் சோதனைச் சாவடியில் முதலிற் பத்திரங்களையும், அடுத்துப் பத்திரத்துக்கும் பொதிக்கும் உள்ள பொருத்தத்தையும், வேண்டுமாயின் பொருளையுமே சோதிப்பர். கடைக்குச் செல்லும் பையின் மேல் என்ன பிராணிக்குரிய தீன், என்னென்ன சேர்ந்தது, புரதம், கொழுப்பு, நார், சாம்பல் ஆகியன நூற்றுக்கு எத்தனை, எந்தத் தொகுதி, எந்நாள் வரை நல்லது என்பனவெல்லாம் பொறித்திருத்தல் வேண்டும்.

என் மாணவனின் பையில் இருந்தது நாயின் படம் மட்டுமே.

பூட்டிய கதவு திறந்த வரலாறு

“இது எங்களைப் போன்ற ஏழைகளால் ஆகிற காரியமோ?” என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அதற்கு நம் நாட்டின் வரலாற்றிலிருந்தே விடை கூறினேன்.

மனிதர் உண்ணும் மீனின் காரியத்தில் இலங்கை முழுவதுமே ஒருமுறை இவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்டது. நம் பலநாட் கலங்கள் ஆழ்கடலில் விதிமுறைக்கு மாறாக மீன் பிடிக்கின்றன, அவற்றைக் கண்காணிக்கவும் தண்டிக்கவும் தக்க ஏற்பாடு இல்லை என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2012ஆம் ஆண்டில் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கைக்கு ஏற்ற வேகத்தில் நாம் செயற்படவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் தடை அறிவிக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மீனின் தரத்தில் குற்றமில்லை. பிடித்த முறைக்குச் சான்றில்லை என்பதே குற்றம். குற்றம் செய்யாத மீனவனும் விலை வீழ்ச்சியிற் பங்கு கொண்டான்.

அதன்பின் சட்டம் திருத்தப்பட்டது. தண்டங்கள் உயர்த்தப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களில், அவை இருக்குமிடத்தைச் செய்மதி மூலம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தடை நீங்கிற்று. முறையிட்டதனால் அன்று, குறையைத் திருத்தியதனால் கதவு திறந்தது. இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. சான்று தேடும் வேலையைத் தனி மனிதன் தோளில் மட்டும் சுமத்தினால் அவன் முறிந்து போவான். அரசாங்கமும் திணைக்களங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கை கொடுத்தாற்றான் சிறியவனும் அவ்வாயிலை அடைவான்.

சட்டம் கடுமையாக இருப்பது குற்றமன்று. அதன் செய்தி கடற்கரைக்கு எட்டாமற் போவதே குற்றம். கொழும்பிலுள்ள பெரிய வணிகருக்கு இவற்றைப் படித்துச் சொல்லத் தரகர் உண்டு. வாடியில் மீன் கிழிக்கும் தாய்க்கு யார் உண்டு? படித்த பிள்ளைகள் அவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். பொதியை அனுப்புமுன் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தையும், கடற்றொழில் திணைக்களத்தையும், சுங்கத்தையும் எழுத்து மூலம் வினவ வேண்டும். பெறுபவரும் தம் நாட்டு மிருக வைத்திய அதிகாரியைக் கேட்க வேண்டும். இரண்டு விடைகளும் கைக்கு வரும் வரை ஒரு ரூபாவும் முதலிடலாகாது.

என் மாணவன் ஊருக்குத் திரும்பினான். சில வாரங்களின் பின் நான் வெள்ளாங்குளம் சென்றபோது, வாடியில் மீன் மணலிற் பரப்பப்பட்டிருக்கவில்லை. இடுப்பளவு உயரத்தில் தட்டிகள் கட்டி, மேலே வலை மூடிக் காயவிடப்பட்டிருந்தது. அயலிலுள்ள நான்கு பெண்களும் சேர்ந்திருந்தனர். எந்த நாள், எவருடைய மீன், எத்தனை கிலோ என்று அவன் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டிருந்தான். முதலில் உள்ளூரில் விற்பது, பின்பு சங்கமாகச் சேர்ந்து திணைக்களத்தை அணுகுவது என்பது அவர்கள் தீர்மானம்.

“ஐயா, போன காசு போனதுதான், இந்தக் கொப்பி மிஞ்சினது” என்றார் தாயார்.

வாடியின் நிழலிற் படுத்திருந்த நாயொன்று எழுந்து வந்து அவர் காலடியில் நின்றது. தட்டியிலிருந்து ஒரு காரலை எடுத்து அதன் முன் போட்டார். அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. கொடுத்த கையை அது அறியும். அறியாத கையிலிருந்து பெறுவோர்க்கு அந்த நம்பிக்கையை எழுத்தில் தருவதே சட்டம்.