வாத்து ஏன் விழவில்லை? டிவி கேம் துப்பாக்கியின் ரகசியம்

எலக்ட்ரானிக் விளையாட்டுச் சாதனங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. செங்கல் அடுக்கும் பிரிக் கேம், கையடக்க வாட்டர் கேம், மஞ்சள் கார்ட்ரிட்ஜ் போடும் டிவி கேம் என்று பரணில் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அதனால் எங்கள் எக்கியார்குப்பத்தில் எந்த வீட்டுப் பிள்ளையின் பொம்மை ரிப்பேர் ஆனாலும் அது என்னிடம்தான் வந்து சேரும்.

சென்ற கோடை விடுமுறையில் வந்தவன் என் அக்கா மகன். கையில் துப்பாக்கியோடு கூடிய ஒரு டிவி கேம். உண்டியலில் சேர்த்த 600 ரூபாயைக் கொடுத்து, புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது.

"மாமா, கடைக்காரர் ஏமாத்திட்டார். மரியோ நல்லா ஓடுது. வாத்து சுடுற கேம்ல ஒரு வாத்துகூட விழ மாட்டேங்குது. நாய் வந்து சிரிச்சிட்டுப் போவுது."

டக் ஹன்ட் ஆடியவர்களுக்கு அந்த நாயைத் தெரியும். குறி தவறினால் புல்லுக்குள் இருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மூன்று நாட்களாகச் சிரித்திருக்கிறது. கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டு போனதற்கு, "துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. உங்க டிவிதான் சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அக்கா வீட்டில் இருப்பது புத்தம் புது 32 அங்குல எல்இடி டிவி. "புது டிவியையா குறை சொல்றான்?" என்று அக்காவுக்குக் கோபம். எனக்கும் அது சால்ஜாப்பாகத்தான் பட்டது. நானே நேரில் போய்ப் பணத்தை வாங்கித் தருவதாகப் பையனிடம் சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அவசரப்படாமல் விட்டது நல்லதாயிற்று.

முதலில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

எந்தச் சாதனம் பழுதானாலும், எது வேலை செய்யவில்லை என்று பார்ப்பதைவிட எது வேலை செய்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. துப்பாக்கியின் விசையை அழுத்தினேன். சுடும் சத்தம் வந்தது. தோட்டா எண்ணிக்கை ஒன்று குறைந்தது. திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. அப்படியென்றால் விசை சரி, வயர் சரி, கேமும் சரி. துப்பாக்கி "சுட்டேன்" என்று சொல்வது கேமுக்குப் போகிறது. "எங்கே சுட்டேன்" என்பதுதான் போகவில்லை.

துப்பாக்கி எங்கே குறி பார்க்கிறது என்று கேமுக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கியில் இருந்து ஏதோ ஒரு கதிர் கிளம்பி டிவியில் படுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை. டிவியில் இருந்து வரும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு சிறிய ஒளி உணரியும், அதன் முன்னால் ஒரு லென்ஸும் குழலுக்குள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் இந்தத் துப்பாக்கி ஒரு கண்.

ஜப்பானில் தொடங்கிய யோசனை

இந்தக் கண்ணின் கதை சுவையானது. நின்டென்டோ நிறுவனம் 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கியது. பிறகு பொம்மைக்கு மாறியது. 1970-ல் அது ஒரு துப்பாக்கி பொம்மையை வெளியிட்டது. அதில் வெளிச்சத்தை வீசுவது துப்பாக்கி. அதை உணரும் சோலார் செல் இருப்பது இலக்கில். அந்த செல்களை விற்ற ஷார்ப் நிறுவனத்தில் இருந்த மசாயுகி உயெமுரா, பின்னர் நின்டென்டோவுக்கே வந்து சேர்ந்தார். 1973-ல் ஆளில்லாமல் கிடந்த பௌலிங் கூடங்களில் பெரிய திரை கட்டி, வெளிச்சத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டையும் அந்த நிறுவனம் நடத்தியது.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம் வீடியோ கேமை வடிவமைத்தவர் இதே உயெமுராதான். 1984-ல் டக் ஹன்ட் வந்தபோது பழைய யோசனை தலைகீழானது. வெளிச்சம் இலக்கில், உணரி துப்பாக்கியில். வெளிச்சம் தரும் டிவிதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே!

நம் ஊர்ச் சந்தையில் நாம் பார்த்த டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்களே. திறந்து பார்த்தால் உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று இருக்கும். அசலில் பல சிப்புகள் செய்த வேலையை ஒரே சில்லில் அடக்கி, அதைப் போர்டில் நேரடியாக ஒட்டி, மேலே பிசினை ஊற்றிவிடுவார்கள். விலை குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அசல் ஃபேமிகாமின் வேலை மெமரி 2 கிலோபைட் மட்டுமே. சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கிலோபைட்தான். செல்போனில் நாம் எடுக்கும் ஒரு போட்டோவுக்குள் பல மரியோக்களை அடைத்துவிடலாம். அட்டையில் "9999 கேம்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சில பத்து கேம்களையே பெயரையும் தொடங்கும் லெவலையும் மாற்றித் திரும்பத் திரும்ப வரிசைப்படுத்தியிருப்பார்கள்.

ஒரு நொடியில் நடக்கும் நாடகம்

விசையை அழுத்தியதும் நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. கேம் முழுத் திரையையும் ஒரு பிரேம் கறுப்பாக்குகிறது. நம் நாட்டு பால் முறை டிவியில் நொடிக்கு 50 பிரேம். அதாவது இது நொடியில் 50-ல் ஒரு பங்கு நேரம். இப்போது துப்பாக்கிக்கு வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால், யாரோ டியூப் லைட்டைக் குறி பார்க்கிறார்கள் என்று பொருள். அந்தச் சுடுதல் செல்லாது.

2. அடுத்த பிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கிக்கு வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழும்.

3. இரண்டு வாத்துகள் இருந்தால் முதல் வாத்துக்கு ஒரு பிரேம், இரண்டாவதற்கு அடுத்த பிரேம். எந்தப் பிரேமில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும்.

பிக்சர் டியூப் டிவியில் இதெல்லாம் உடனுக்குடன் நடக்கும். சிக்னல் வந்ததும் எலக்ட்ரான் கற்றை திரையில் கோடு கோடாக வரைந்துகொண்டே போகும். ஒரு பிரேமை மெமரியில் வாங்கிவைத்துக் காட்டும் வேலையே அங்கு இல்லை.

எல்இடி டிவியில் இரண்டு தடங்கல்கள். முதலாவது தாமதம். வரும் அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றி, பெரிய திரைக்கு ஏற்றபடி நீட்டி, மெருகேற்றித்தான் அது காட்டும். இதற்குச் சில பிரேம் நேரம் ஆகிவிடும். வெள்ளைச் சதுரம் திரைக்கு வரும்போது கேம் பார்த்து முடித்துவிட்டிருக்கும்.

இரண்டாவது தடங்கல் இன்னும் நுட்பமானது. பால் முறையில் 625 கோடுகள், நொடிக்கு 25 முழுப் படங்கள். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடுகள். பிக்சர் டியூபில் ஒரு புள்ளி கற்றை படும்போது பளிச்சிட்டு உடனே மங்கும். ஆகவே துப்பாக்கி பார்க்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட இந்த வேகத்தில் துடிக்கும். அந்தத் துடிப்பை மட்டும் ஏற்று, பல்பு வெளிச்சத்தைத் தள்ளிவிடும் ஒரு வடிகட்டி சர்க்யூட் அசல் துப்பாக்கியில் இருக்கிறது. எல்இடி டிவியின் வெளிச்சத்தில் அந்தத் துடிப்பு இல்லை. எனவே டிவியில் கேம் மோடு போட்டுத் தாமதத்தைக் குறைத்தாலும் பயன் இருப்பதில்லை.

ஆக, கடைக்காரர் சொன்னது சரி. டிவி பழுதில்லை, ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற டிவி இல்லை. சண்டைக்குப் போகவிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் உண்டு.

பரணில் இருந்த அரசு டிவி

இப்போது பையனுக்கு என்ன பதில் சொல்வது? அப்போதுதான் எங்கள் வீட்டுப் பழைய டிவி நினைவுக்கு வந்தது. தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-ல் திட்டம் முடிவதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல பிக்சர் டியூப் டிவி கிடைத்தது. அதில் ஒன்று எங்கள் அம்மா ரேஷன் கார்டைக் கொண்டுபோய் வாங்கி வந்தது. அந்த வாரம்தான் அதைக் காயலான் கடைக்குப் போட எடுத்து வாசலில் வைத்திருந்தோம். நல்லவேளை, வண்டி வரவில்லை.

பல வருடம் சும்மா கிடந்த டிவியை அப்படியே பிளக்கில் சொருகக் கூடாது. பின்மூடியை நீங்களே கழற்றவும் கூடாது. வண்ண பிக்சர் டியூபில் 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்அழுத்தம் உண்டு. ஆஃப் செய்த பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். மெக்கானிக்கிடம் காட்டித் தூசி எடுத்து, ஒரு கெப்பாசிட்டர் மாற்றி வந்தேன்.

இணைத்தோம். படம் வரவில்லை. காரணம், உப்பு.

உப்புக் காற்றும் களிம்பும்

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல். பக்கத்தில் மரக்காணம் உப்பளங்கள். காற்றில் வரும் உப்பு எல்லாவற்றிலும் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால்தான். அந்த உப்புநீர் செம்பில் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். மின்சாரம் சரியாகப் பாயாது. டிவியின் ஏவி சாக்கெட் உள்ளே பச்சையாக இருந்தது.

கடலோரத்தில் இருப்பவர்கள் கேம் சாதனங்களுக்கு இவற்றைச் செய்யலாம்:

* சாக்கெட்டையும் கார்ட்ரிட்ஜ் பின்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடையுங்கள். முன்னதாக மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். காய்ந்த பிறகே மாட்டுங்கள்.
* கார்ட்ரிட்ஜில் வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் செய்த தவறு இது. எச்சில் ஈரம் துருவைத்தான் வளர்க்கும். படம் வந்தது ஊதியதால் அல்ல. கழற்றித் திரும்ப மாட்டியதால்.
* விளையாடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் போய்விடும்.
* இறுக்கமாக மூடும் டப்பாவில், மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். குழந்தைகள் அதை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைத்த பிறகு படம் வந்தது. சுட்டான். வாத்து விழவில்லை! நாய் சிரித்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது. கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பழைய டியூப் மங்கியிருந்தது. பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றி, ஜன்னலைச் சாத்தி, ஐந்தடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

பட்! வாத்து விழுந்தது. நாய் வாத்தைத் தூக்கிக் காட்டியது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் அவர் கையிலும் துப்பாக்கி இருந்தது.

வாங்கும் முன் கவனியுங்கள்

துப்பாக்கி உள்ள பழைய வகை டிவி கேம் வாங்குகிறீர்களா? வீட்டில் பிக்சர் டியூப் டிவி இருந்தால் மட்டும் வாங்குங்கள். மற்ற கேம்கள் எல்இடி டிவியிலும் ஓடும். ஏவி சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது டிவியில் துப்பாக்கி வேண்டும் என்றால் வேறு தொழில்நுட்பம் தேவை. 2006-ல் வந்த நின்டென்டோ வீ சாதனத்தில், டிவி அருகே வைக்கும் பட்டையில் அகச்சிவப்பு விளக்குகள் இருந்தன. கையில் பிடிக்கும் ரிமோட்டில் இருந்த கேமரா அவற்றைப் பார்த்து இடத்தைக் கணக்கிட்டது. சின்டன் லைட்கன் என்ற துப்பாக்கி, திரையைச் சுற்றி வரையப்படும் வெள்ளைக் கட்டத்தைக் கேமராவால் பார்க்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும், விலையும் அதிகம்.

பழைய டிவி உண்மையிலேயே செத்துப் போனால் உடைத்துப் போடாதீர்கள். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் டிவி மட்டுமல்ல, கையடக்க வீடியோ கேம்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி கொடுங்கள்.

எங்கள் அரசு டிவி இப்போது காயலான் கடைக்குப் போவதாக இல்லை. சனி, ஞாயிறுகளில் அதன் முன்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த முறை சண்டே மார்க்கெட் போனபோது அக்கா மகன் அந்தக் கடைக்காரரிடம், "அண்ணா, நீங்க சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு வந்தான். கூடவே, வாங்குகிறவர்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டானாம். உங்கள் பரணிலும் இப்படி ஒரு 14 அங்குல டிவி தூங்கிக்கொண்டிருந்தால், வண்டிக்காரரைக் கூப்பிடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.