முதுகில் ஏறிய பரிசல்

"படகத் தூக்கீட்டு நடக்கறதுக்கா கண்ணு காசு குடுத்துப் போற? படகுதான நம்மளத் தூக்கோணும்?"

பவானியிலிருந்து அம்மா போனில் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் பையை எடை போட்டிருந்தேன்: 19 கிலோ. ஐந்து நாள் சாப்பாடு, கூடாரம், உயிர்காப்புச் சட்டை, நான்கு துண்டாகக் கழற்றிய துடுப்பு. இவற்றோடு, கோரைப்பாய் மாதிரி சுருட்டிக் கட்டிய இரண்டரைக் கிலோ படகு ஒன்று.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 14 வருடமாக இருக்கிறேன். மாநிலத்தின் தென்பகுதி வறண்ட செம்பாறைப் பாலைவனம். ஸ்லாட் கேன்யன்கள் அங்கேதான் அதிகம். பள்ளத்தாக்கு என்றதும் அகலமான வெளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறையில் ரம்பம் விட்டு அறுத்த மாதிரி ஒரு சந்து, அவ்வளவுதான். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். சில இடங்களில் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். ஆழம் மட்டும் பல மாடி உயரம்.

அறுத்தது தண்ணீர். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே மணல்மேடுகள் இருந்தன. அவை இறுகிக் கல்லானதுதான் நவாஹோ மணற்கல். மழை பெய்வது வருடத்தில் கொஞ்ச நாள்தான். ஆனால் பெய்கிற தண்ணீரை உறிஞ்ச அங்கே மண்ணும் இல்லை, மரமும் இல்லை. வழுக்குப் பாறையில் ஓடி, கிடைத்த விரிசலுக்குள் மொத்தமாகப் பாய்கிறது. கூடவே அடித்து வரும் மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது.

நாங்கள் போனது நியான் கேன்யனுக்கு. எஸ்கலான்டே ஆற்றோடு வந்து சேரும் கிளைப் பள்ளத்தாக்கு அது. அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்க வரைபடத்தில் கடைசியாக ஏறிய ஆறுகளில் எஸ்கலான்டே ஒன்று. 1872இல் பார்த்துப் பதிந்த நில அளவைக் குழு, 1776இல் யூட்டா வழியாகப் போன ஒரு ஸ்பானியப் பாதிரியாரின் பெயரை அதற்கு வைத்தது. பாதிரியார் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை!

இந்தப் பயணத்தில் முக்கியமான எண் 50. ஆற்றில் வினாடிக்கு 50 கன அடியாவது ஓடினால்தான் படகு மிதக்கும். மேட்டூரில் ஆயிரக்கணக்கில் கன அடி பேசிப் பழகிய நமக்கு இது வாய்க்கால் தண்ணீர். அதுவும் மலைப் பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கிடைக்கும். சில வருடங்களில் அந்த மாதங்களிலும் கிடைக்காது. அளவுமானியின் கணக்கை அரசு தினமும் இணையத்தில் போடுகிறது. இரண்டு வாரம் காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். மே முதல் வாரம் 70 காட்டியது. கிளம்பிவிட்டோம்.

கூட வந்தவள் என் அலுவலகத் தோழி, இந்த ஆற்றில் ஏற்கெனவே இரண்டு முறை இறங்கியவள். இறங்கும் இடமும் ஏறும் இடமும் வேறு என்பதால் இரண்டு கார் வேண்டும். ஒன்றை ஃபார்ட்டி மைல் ரிட்ஜில் விட்டுவிட்டு, மற்றதில் எகிப்து என்ற இடத்துக்குத் திரும்பினோம். (பாலைவனத்தில் எகிப்து. பெயர் வைத்தவருக்குக் குசும்பு.) நடுவில் இருக்கும் மண் சாலை, வரிவரியாக மேடு விழுந்து, பல்லெல்லாம் ஆடுகிற சாலை.

அங்கிருந்து வழுக்குப் பாறையில் இறக்கம். பாதை கிடையாது. யாரோ அடுக்கிவைத்த சின்னக் கல் குவியல்களைத் தேடித் தேடி நடக்க வேண்டும். 19 கிலோவோடு இறங்கும்போது முட்டி பேசியதை எழுதினால் பத்திரிகை ஏற்காது. ஆற்றங்கரையை அடைந்ததும் படகை விரித்தோம். காற்றடிக்க பம்பு கிடையாது. மெல்லிய நைலான் பையை விசிறிக் காற்றைப் பிடித்து, அதன் வாயை முறுக்கி, நெஞ்சோடு அணைத்து அழுத்த வேண்டும். பத்துப் பதினைந்து அழுத்தலில் படகு பூரி மாதிரி உப்பிவிடும்.

இது புது யோசனை அல்ல. 1840களிலேயே பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, மேலங்கியாகப் போர்த்திக்கொண்டு வேண்டும்போது ஊதிப் படகாக்கும் ரப்பர் துணியைச் செய்தார். பேக்ராஃப்ட் எனப்படும் இந்தச் சுருட்டுப் படகின் இன்றைய வடிவம், அலாஸ்காவில் ஷெரி டிங்கி என்ற அம்மாள் தன் மகனுக்காகத் தைத்த படகிலிருந்து வந்தது. உட்கார்ந்து பார்த்தால் ஒகேனக்கல் பரிசலின் தங்கை. நேராகப் போகச் சொன்னால் சுற்றும்.

ஒன்றரைக் கிலோமீட்டர் மிதந்ததும் நியான் வாய். படகுகளை மரத்தில் கட்டிவிட்டு உள்ளே நடந்தோம். முதலில் நாணலும் காட்டன்வுட் மரங்களும். போகப் போகச் சுவர்கள் நெருங்கி, குரல் எதிரொலிக்கத் தொடங்குகிறது. கடைசியில் கோல்டன் கதீட்ரல், தங்கத் தேவாலயம். பெரிய குகை மாதிரி குடைந்த கூடம். கூரையில் ஓட்டைகள், தரையில் குளம். மேலே ஸ்லாட்டில் பாயும் வெள்ளம் பாறையைத் துளைத்து விழுந்த வழி அது. கயிற்றில் இறங்கத் தெரிந்தவர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் வருவார்கள். எனக்கு அந்த வித்தை தெரியாது. குளக்கரையில் உட்கார்ந்தேன். உச்சி வெயில் ஓட்டை வழியே தண்ணீரில் விழுந்தது. தோழி காலை நனைத்தாள். அந்தச் சின்ன அலை, கூரை முழுக்க வெளிச்சமாக நெளிந்தது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மறுபடி நனைக்கச் சொன்னேன்.

அடுத்த மூன்று நாளும் ஆறுதான் வீடு. மிதப்பது பாதி, இறங்கி இழுப்பது பாதி. கரையெங்கும் ரஷ்யன் ஆலிவ் முள்மரம். மண்ணரிப்பைத் தடுக்க எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டதாம். நம் சீமைக்கருவேலத்தின் கதையேதான். இரண்டாம் நாள் ஒரு வளைவில் என் படகு அதில் போய்ச் சாய்ந்தது. 'உஸ்' என்று ஒரு சத்தம். கரையேறித் துடைத்துக் காயவைத்து டேப் ஒட்ட ஒரு மணி நேரம் போயிற்று.

குடிக்கவும் அதே ஆறுதான். டீ நிறத் தண்ணீர், வடிகட்டி உடனே அடைத்துக்கொள்ளும். அதற்குப் படிகாரம் கொண்டுபோயிருந்தேன். இரவு மடக்குவாளியில் கொஞ்சம் கரைத்துவிட்டால் காலையில் சேறு அடியில் தங்கிவிடும், மேல்தண்ணீரை வடிகட்டிக்கொள்ளலாம். அமெரிக்க ஆற்றுப் பயணிகளும் இதைத்தான் செய்கிறார்கள் என்று தோழி சொன்னபோது, பாட்டியின் மண்பானையைப் பற்றி அவளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

இங்கே பயப்பட வேண்டியது தலைக்கு மேல் இருக்கும் மேகத்துக்கு அல்ல, கண்ணுக்குத் தெரியாத தூரத்து மேகத்துக்கு. 1997 ஆகஸ்ட் 12 அன்று, அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. நம்மூர்க்காரர்கள் குடும்பத்தோடு போய்ப் படமெடுக்கும் அதே இடம்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம். அந்த மாதங்களில் ஸ்லாட்டுக்குள் போவதை நான் முட்டாள்தனம் என்றே சொல்வேன்.

ஐந்தாம் நாள் கோயோட்டி கல்ச் என்ற கிளை ஓடை வந்து சேரும் இடத்தில் கரையேறினோம். அதற்குக் கீழே, 1963இல் மூடிய கிளென் கேன்யன் அணையின் தேக்கம் விட்டுப்போன சேறு காத்திருக்கிறது. ஈரப் படகு மறுபடி முதுகில். செங்குத்தான மணல்மேட்டில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். உச்சியில் பாறைச் சுவரில் ஒரு வெடிப்பு. பையோடு அதில் நுழைய முடியாது. தோழி முதலில் ஏறிக் கயிறு விட்டாள், பைகளைக் கட்டி மேலே அனுப்பினேன். பிறகு வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நானும் நுழைந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டு இலவசம், எஸ்கலான்டே ஊரில் வாங்கலாம். மலத்தையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதற்கென்றே பை விற்கிறார்கள். ஆற்றில் 50 கன அடி இல்லையென்றால் படகை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எகிப்திலிருந்து தங்கத் தேவாலயத்துக்கு ஒரு வழி சுமார் 7 கிலோமீட்டர்தான். ஆற்றை நடந்தே கடந்து, ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.