மூன்று சக்கரத்தில் ஐரோப்பா – 5: குதிரைகள் போட்டுக் கொடுத்த பாதை

சென்ற வாரம் ஜெர்மனியின் டோனாஎஷிங்கன் ஊரில் நிறுத்தியிருந்தோம். டான்யூப் தங்கள் ஊரில்தான் பிறக்கிறது என்று அங்கே சொல்வார்கள். பக்கத்து ஃபுர்ட்வாங்கன்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தகராறு நமக்கு வேண்டாம். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை பத்து நாடுகளைத் தொட்டுப் போகும் யூரோவெலோ 6 சைக்கிள் தடம், சுமார் 4,450 கிலோமீட்டர். அதில் இனி பெரும்பகுதி இந்த நதியின் கரையோரம்தான்.

ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுற்றிலும் மலை, ஆனால் பாதையில் ஏற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். புண்ணியம் குதிரைகளுக்கு. நீராவிப் படகு வருவதற்கு முன், ஆற்றை எதிர்த்து வரவேண்டிய சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தன. அதற்காக நீரை ஒட்டிச் சமன் செய்த தடத்தில் பல இடங்களில் இன்று சைக்கிள் ஓடுகிறது. ஷ்லோகன் என்ற இடத்தில் மட்டும் நதி கொண்டை ஊசியாகத் திரும்பும். அங்கே வண்டியோடு ஏற்றிக்கொள்ளச் சிறு படகு உண்டு.

ஏற்றம் வந்தாலும் ட்ரைக் எனும் மூன்று சக்கர சைக்கிளை ஓட்டுபவருக்குப் பெரிய கவலையில்லை. இரண்டு சக்கர வண்டியில் வேகம் குறைந்தால் விழவேண்டியதுதான். சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ட்ரைக்கிலோ, மேட்டின் நடுவே பிரேக்கைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, மறுபடி மிதிக்கலாம். பக்கவாதத்தால் சமநிலை இழந்தவர், மூளை முடக்குவாதம் உள்ளவர், சீக்கிரம் களைத்துவிடுகிறவர் என்று பலருக்கும் இந்த வண்டி ஒத்துவருவதற்கு இதுதான் காரணம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மிதியிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால், வண்டி அதன் மேலேயே ஓடும். முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும், கணுக்கால் முறியும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு நழுவியதே தெரியாது. ஆகவே குதிகாலைத் தாங்கும் கிண்ணமும் கெண்டைக்காலைப் பிடிக்கும் பட்டையும் வைத்த மிதிகள் வந்தன. ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்கு இரண்டு முன் பிரேக்குகளையும் ஒரே பிடியில் இணைத்துக் கொடுக்கிறார்கள். கியரும் அந்தக் கைப்பக்கமே வந்துவிடும். இன்னொரு தொல்லை குழிகள். சைக்கிளில் வளைத்து ஓட்டித் தப்பிக்கலாம். மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் போவதால் ஏதாவது ஒன்று குழியில் இறங்கியே தீரும்.

பாதைக்குத் திரும்புவோம். பாஸாவுக்கு முன்பே, ரெகன்ஸ்பர்க்கில் நதியை விட்டு வடமேற்கே ஒரு நாள் மிதித்தால் நியூரம்பர்க் அருகே ஆல்ட்டார்ஃப் வரும். தடத்தைவிட்டு விலகினாலும் பரவாயில்லை, போய்ப் பார்க்கவேண்டிய ஊர். இங்கே கடிகாரம் செய்துகொண்டிருந்தவர் ஷ்டெஃபான் ஃபார்ஃப்ளர். நடக்க முடியாதவர். 1655இல், 22 வயதில், தானே உட்கார்ந்து ஓட்டிக்கொள்ள ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரம் வழியாக முன்சக்கரம் உருளும். நம்மூரில் அரசு வழங்கும் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிக்குத் தாத்தா மாதிரி. சைக்கிளின் முன்னோடி என்று கொண்டாடப்படும் கார்ல் ட்ரைஸின் இரண்டு சக்கர வண்டி வந்தது 1817இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாலேயே நடக்க முடியாத ஒருவர் யார் தயவும் இல்லாமல் சாலையில் போயிருக்கிறார். சைக்கிள் வரலாறு எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்தும்.

மலையையும் குழியையும் சமாளித்தவரைச் சாதாரண இரும்புக்கம்பி நிறுத்திவிடுகிறது. மோட்டார் பைக் நுழையாதிருக்க, சைக்கிள் பாதை தொடங்கும் இடத்தில் வளைத்து வளைத்துக் கம்பி நடுகிறார்கள். பைக்காரன் எப்படியோ நுழைந்துவிடுவான். சுமார் 80 சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள ட்ரைக் அதில் திரும்பாது. நடக்க முடிந்தவர் இறங்கி வண்டியைத் தூக்கி வைப்பார். இறங்கவே முடியாதவர் வந்த வழியே திரும்பவேண்டும். பிரிட்டனில் சஸ்ட்ரான்ஸ் அமைப்பு தன் தேசிய சைக்கிள் தடங்களை 2018இல் ஆராய்ந்தபோது இப்படிப்பட்ட தடுப்புகள் சுமார் 16,000 இருந்தன.

இனி பணம். இப்படி நெடும்பயணம் போய் நற்பணிக்கு நிதி திரட்டுகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் இத்தகைய பயணங்களுக்கு, மைலுக்கு இவ்வளவு என்று பேசி நண்பர்களும் உறவினர்களும் கொடுப்பது பழைய வழக்கம். வரி கட்டுபவர் ஒரு பவுண்டு கொடுத்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். ஆனால் தெரியாத ஊரில் மிதித்துப் போகிறவருக்கு வழியில் கைதட்டல்தான் அதிகம் கிடைக்கும். கனடாவின் ரிக் ஹான்சன் 1985இல் சக்கர நாற்காலியில் கிளம்பி ஐரோப்பா உட்பட 34 நாடுகளில் 40,000 கிலோமீட்டர் உருட்டினார். 1987 மே மாதம் வான்கூவரில் முடித்தபோது சேர்ந்திருந்தது 2 கோடியே 60 லட்சம் கனடிய டாலர். அதில் பெரும்பங்கு அவர் தாய்நாட்டு மண்ணுக்குத் திரும்பிய பிறகு விழுந்தது.

'விழிப்புணர்வுக்காக' என்று பொதுவாகச் சொல்லித் திரட்டும் பயணங்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எந்த வண்டி, யாருக்கு என்று சொல்லிக் கேட்டால் கேட்பவருக்கும் கணக்கு இருக்கும். நல்ல ட்ரைக் ஒன்றின் விலை நம் பணத்தில் லட்சங்களில் போகும், தனியாள் வாங்குவது கஷ்டம். லண்டனில் 2007 முதல் இயங்கும் 'வீல்ஸ் ஃபார் வெல்பீயிங்' பலவகை வண்டிகளை வாங்கி வைத்து, மாற்றுத்திறனாளிகளை வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று மாறி மாறி ஓட்டுவார்கள்.

அடுத்த வாரம் புடாபெஸ்ட், பெல்கிரேடு தாண்டி 'இரும்புக் கதவு' மலையிடுக்குக்குப் போகிறோம். விளக்கில்லாத சுரங்கப் பாதைகளில், லாரிக்காரர் கண்ணில் படாத உயரத்தில் உட்கார்ந்து ஓட்டவேண்டும்.

(தொடரும்)