மகப்பேற்றுக்குப் பின் தூய்மைச் சடங்கு (கிறித்தவம்)

மகப்பேற்றுக்குப் பின் தூய்மைச் சடங்கு என்பது குழந்தை பெற்ற தாய் மீண்டும் கோவிலுக்கு வரும்போது சில கிறித்தவ சபைகளில் நடத்தப்படும் வழிபாடு ஆகும். விவிலியத்தின் தூய்மைச் சட்டங்கள் கிறித்தவரின் அன்றாட வாழ்வில் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டன என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

விவிலியப் பின்னணி

லேவியர் நூலின் 12 ஆம் அதிகாரப்படி, ஆண் குழந்தை பெற்றவள் 40 நாட்களும், பெண் குழந்தை பெற்றவள் 80 நாட்களும் தூயகத்துக்குள் வரலாகாது. பின்னர் ஆட்டுக்குட்டி ஒன்றையும் புறா ஒன்றையும் பலியாக அளிக்க வேண்டும். ஏழையாயின் இரு புறாக்கள் போதும். இயேசுவின் பெற்றோர் ஏழைகளுக்குரிய காணிக்கையையே செலுத்தினர் என்பது லூக்கா நற்செய்தியால் (2:22-24) அறியப்படுகிறது. இங்கு தீட்டு என்பது உதிரப்போக்கைச் சார்ந்தது. மகப்பேறு பாவம் எனக் கூறப்படவில்லை.

மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்தில், உள்ளத்திலிருந்து வெளிவரும் தீய எண்ணங்களே மனிதரைத் தீட்டுப்படுத்துகின்றன என இயேசு கற்பிக்கிறார்.

திருச்சபையில்

பெண் பிள்ளை பெற்ற அந்நேரமே நன்றி செலுத்தக் கோவிலுக்குள் வந்தாலும் அது பாவமாகாது என்னும் விளக்கம், திருத்தந்தை முதலாம் கிரகோரியின் மறுமொழியாக பீட் எழுதிய வரலாற்று நூலில் (கிபி 731) காணப்படுகிறது. ஆயினும், சடங்கு முடியும்வரை தாய் விலகியிருக்கும் வழக்கம் பல நாடுகளில் நீடித்தது.

பெயர் மாற்றம்

இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 ஆம் ஆண்டு மன்றாட்டு நூலில் "பெண்களின் தூய்மைச் சடங்கு" எனப்பட்டது, 1552 இல் "மகப்பேற்றுக்குப் பின் பெண்களின் நன்றியறிதல்" என மாற்றப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1969 ஆம் ஆண்டின் குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் தாய்க்கும் தந்தைக்கும் ஆசி சேர்க்கப்பட்டது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் நாற்பதாம் நாள் மன்றாட்டு இன்றும் வழக்கிலுள்ளது.