மொட்டுக்கு வந்த தூது

பெங்களூரின் கிழக்குப் பாகத்தில், காக்ஸ் டவுனை அடுத்து, பெயரிலேயே ஜீவனைத் தாங்கி நிற்கும் ஜீவனஹள்ளியில் எனக்கு அண்டை வீட்டுக்காரரான பெரியவர் ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பூர்விகக் கிராமத்தில் கடலைக்காட்டைப் பார்க்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் தீண்டி, விஷமுறிவு மருந்தினால் உயிர் பிழைத்தும் சிறுநீர் அறவே நின்றுபோய், ஒன்பது முறை டயாலிசிஸ் செய்யப்பட்ட பிறகு, மூன்றாம் வாரத்தில் ஒரு விடியற்காலையில் தாமாகவே சிறுநீர் கழித்தார். அந்தச் சந்தோஷம் அடங்கியபின் அவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்: "எனக்குத் தானா சரியாயிடுச்சுங்க ஐயா. எங்க அக்கா ரெண்டு வருஷமா மெஷின்லயே இருக்கா. அவளுக்கு ஏன் திரும்பல?"

அந்த அக்காளுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. இருவர் சிறுநீரகமும் பழுதுபட்டதே. ஆயினும் பழுதின் தன்மை வேறு. விரியன் விஷம் பெரும்பாலும் சிறுநீரகத்தின் நுண்குழல்களை உள்ளே போர்த்தியிருக்கும் உயிரணுக்களைக் கொல்கிறது. அவற்றைத் தாங்கிநிற்கும் மெல்லிய உறை சிதையாதிருந்தால், எஞ்சிய அணுக்கள் தங்கள் விசேஷ உத்தியோகத்தைத் துறந்து, இளங்கருவின் அணுக்களைப் போல எளிமை பூண்டு, பெருகி, வெறிச்சோடிய இடத்தை மூடிவிடுகின்றன. அவ்வாறு பெருகும்படி அவற்றுக்கு உத்தரவு கொண்டு போகும் புரதங்களையே வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம்.

இந்த உத்தரவுகளின் பாஷை தாயின் கர்ப்பத்திலேயே பழக்கமானது. கருவின் ஐந்தாம் வாரத்தில், ஒரு குழாயின் பக்கத்திலிருந்து சிறு மொட்டொன்று அரும்பி, அருகிலுள்ள தளர்ந்த திசுவுக்குள் நுழைகிறது. அமெரிக்க விஞ்ஞானி கிளிஃபர்ட் குரோப்ஸ்டைன் 1950-களில் சுண்டெலிக் கருக்களில் இவ்விரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தபோது இரண்டுமே வளர்ச்சியற்று நின்றன. சேர்த்து வைத்தபோது மொட்டு கிளைவிட்டது, திசு குழல்களாயிற்று. ஒன்றோடொன்று பேசாவிட்டால் சிறுநீரகமே இல்லை என்பது அன்றே தெளிவாயிற்று. பேசப்பட்ட வார்த்தை எதுவென்பது தெரிய மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. மூளையின் நரம்பணுக்களைப் போஷிப்பதென்று 1993-இல் கண்டறியப்பட்டு, அதற்கேற்ற பெயரும் சூட்டப்பட்ட ஜி.டி.என்.எஃப். என்னும் புரதத்தை இழந்த சுண்டெலிகள், சிறுநீரகமின்றிப் பிறந்து, பிறந்த ஓரிரு நாளிலேயே மடிந்ததை 1996-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் வெளியிட்டன. திசு அனுப்பும் அந்தத் தூதை மொட்டின் மேலுள்ள ‘ரெட்’ என்னும் ஏற்பி வாங்கிக்கொள்கிறது. நரம்புக்கென்று பெயரிட்டது சிறுநீரகத்துக்கு ஆதாரமாக இருந்த இந்த வேடிக்கையை நினைக்கும்போது, இயற்கை தன் சொற்களைச் சிக்கனமாகவே செலவிடுகிறதென்று தோன்றுகிறது.

இந்தச் சம்பாஷணைக்கு ஒரு கெடு உண்டு. கர்ப்பத்தின் 36-ஆம் வாரத்தோடு நெஃப்ரான் என்னும் வடிகட்டும் அலகுகளின் சிருஷ்டி முடிந்துவிடுகிறது. சிறுநீரகம் ஒன்றுக்குச் சராசரி சுமார் 10 லட்சம் என்றாலும், மனிதருக்கு மனிதர் பல மடங்கு வித்தியாசம் உண்டு. எடை குறைந்து பிறக்கும் சிசுவுக்கு நெஃப்ரான்களும் பெரும்பாலும் குறைவு; பிறவியிலேயே நெஃப்ரான்கள் குறைந்திருப்பது பின்னாளில் இரத்த அழுத்தம் ஏற ஏதுவாகும் என்று 1988-இல் பிரென்னர் முதலிய சிறுநீரக ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். நமக்கு அருகிலேயே, மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை 1934 முதல் பேணிய பிரசவப் பதிவேடுகளைக் கொண்டு, அங்கே பிறந்தவர்களை நடுவயதில் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, சிறிதாய்ப் பிறந்தவர்களிடம் இதயநோய் மிகுந்திருந்தது. 1996-இல் வெளியான அந்த ஆய்வு இதயத்தைப் பற்றியது, நெஃப்ரானை அங்கு யாரும் எண்ணவில்லை என்றாலும், கர்ப்பத்தின் கணக்கு முதுமை வரை தொடர்வதை அந்தப் பழைய பேரேடுகள் காட்டிவிட்டன.

நெஃப்ரான்களின் சிருஷ்டி கர்ப்பத்தோடே முடிந்துவிடுவதால், பெரியவரிடம் நடந்தது செப்பனிடலே அன்றி புதுச்சிருஷ்டி அல்ல. விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்து, பிறந்த குட்டிகளின் கண்ணை முன்கூட்டியே திறக்கச்செய்து, 1986-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றாரே, அந்த ஈ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி நம் சிறுநீரகத்திலேயே உண்டாகிச் சிறுநீரிலும் கலந்திருப்பது. காயம்பட்ட நுண்குழல் அணுக்களைப் பெருகச்செய்வதில் அதற்கும் பங்குண்டு. எலிகளில் இத்தகைய காரணிகளைச் செலுத்தியபோது குணம் விரைவாகத் தெரிந்தது. ஆனால் அதே வகையான ஐ.ஜி.எஃப்.-1 என்பதை, சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 72 நோயாளிகளிடம் சோதித்து 1999-இல் வெளியிட்ட முடிவில் பயன் ஏதும் இல்லை. இளம் ஆரோக்கிய எலி வேறு, பல வியாதிகளோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மனிதர் வேறு. மேலும் பெருகு என்னும் கட்டளை அடங்காவிடில் அபாயம். மேலே சொன்ன அந்த ‘ரெட்’ ஏற்பியே கோளாறாகித் தைராய்டுப் புற்றுநோய்க்குக் காரணமாவதுண்டு.

அக்காளின் கதையில் வேறொரு காரணி முன்னே நிற்கிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்பது புண்ணை ஆற்றும் நாரிழைகளைப் பின்னச் சொல்லும் தூது. சிறு காயத்தில் அது உபகாரி. நீரிழிவு ஆண்டுக்கணக்கில் உரசிக்கொண்டே இருக்கையில் அந்தத் தூது ஓய்வதேயில்லை. வடிகட்டிகளும் அவற்றைத் தாங்கிய உறைகளும் தழும்பாக இறுகிவிட, பெருகு என்ற கட்டளை வந்தாலும் பெருகி நிற்பதற்கு இடமில்லை.

இதையெல்லாம் நான் ஏறக்குறைய இதே வரிசையில் சொல்லி முடித்தபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்ப கட்டின வீடு நிக்கறவரைக்குந்தான் வெள்ளையடிக்க முடியும்ங்கறீங்க" என்றார் கடைசியில். அன்று செவ்வாய்க்கிழமை, அக்காளுக்கு மெஷின் நாள். ஆட்டோ வாசலில் வந்து நின்றதும், தண்ணீர்ப் புட்டியையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவர் எழுந்துவிட்டார்.