தக்காளிப் பூமுனை அழுகல்

பூமுனை அழுகல் என்பது தக்காளிக் காயின் காம்புக்கு எதிரேயுள்ள நுனி கறுத்து உள்வாங்கும் ஒரு குறைபாடு ஆகும். இது கிருமியால் வரும் நோய் அன்று. வளரும் காய்க்குப் போதிய கால்சியம் சென்று சேராமையால் ஏற்படுகின்றது. ஆகவே செடிக்குச் செடி தொற்றுவதில்லை. பூஞ்சைக்கொல்லி தெளிப்பதாலும் பயனில்லை. மிளகாய், கத்தரி, தர்ப்பூசணி ஆகியவற்றிலும் இது காணப்படும்.

அறிகுறிகள்

காய் பாதி வளர்ந்த நிலையில் நுனியில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளி தோன்றும். அது விரிந்து, பழுப்பாகிப் பின் கறுத்துத் தோல் போல் தடிக்கும். பெரும்பாலும் முதற் கொத்துக் காய்களே பாதிக்கப்படுகின்றன. நீள்வடிவ வகைகளில் மிகுதியாகவும், செர்ரித் தக்காளியில் அரிதாகவும் காணப்படும்.

காரணம்

கால்சியம் வேரிலிருந்து நீருடன் சேர்ந்தே மேலேறுகின்றது. இலைகள் மிகுந்த நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கு கால்சியம் அவற்றுக்கே செல்லும். காய்க்குக் குறைவாகவே கிடைக்கும். இலையை அடைந்த கால்சியம் பின்னர் காய்க்கு இடம்பெயர்வதில்லை. எனவே மண்ணில் கால்சியம் நிறைந்திருந்தாலும், நீர்ப்பாய்ச்சல் சீரற்றிருந்தால் அழுகல் தோன்றும். உப்பு மிகுந்த நீரும் இதே விளைவைத் தரும்: உப்பு வேர் நீரை உறிஞ்சுவதைத் தடுக்கின்றது, சோடியம் கால்சியத்துடன் போட்டியிடுகின்றது. அம்மோனிய வகைத் தழைச்சத்து மிகுந்தாலும் குறைபாடு கூடும்.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. இத்தகைய மணலில் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்கும்; மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறும். சிப்பி ஓடுகள் மலிந்த இடமாயினும், ஓட்டுத்தூள் இட்டுப் பூமுனை அழுகலைத் தடுத்துவிட இயலாது. ஓடு மிக மெதுவாகவே கரையும். நீரின் உப்பும் குறையாது. முட்டை ஓட்டுக்கும் இது பொருந்தும்.

தடுப்பு முறைகள்

* நீரின் மின்கடத்துதிறனை அறிதல் நன்று. பாசன நீரில் ஏறத்தாழ 1.7 டெசிசீமன்ஸ்/மீட்டரைத் தாண்டினால் தக்காளி விளைச்சல் குறையத் தொடங்கும்.
* வடகிழக்குப் பருவமழை நீரைத் தொட்டியில் சேமித்து, காய் பிடிக்கும் காலத்துக்கு ஒதுக்கலாம். கிணற்று நீருடன் கலந்தும் பயன்படுத்தலாம்.
* நவம்பரில் விதைத்து, ஏறத்தாழ 25 நாள் நாற்றை நட்டால், கோடை உப்பேற்றத்துக்கு முன் அறுவடையின் பெரும்பகுதி முடியும்.
* மணலில் ஈரம் விரைவில் வடிவதால் மக்கிய உரம் கலந்து, வைக்கோலால் மூடாக்கு இட வேண்டும். நாள்தோறும் அளவாக நீர் விட வேண்டும்.
* தொட்டிகளின் அடியில் வடிதுளை தேவை. இடையிடையே நல்ல நீரை நிறைய ஊற்றினால் தேங்கிய உப்பு வெளியேறும்.
* சோடியம் மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பை விட ஜிப்சம் ஏற்றது.
* கருவாட்டுக்கு உப்பிட்ட மீன் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாகாது. உப்பிடாத மீன்கழிவை மக்கவைத்து உரமாக்கலாம்.

தொடர்புடைய குறைபாடுகள்

காய்ந்த மண்ணில் திடீரென மிகுந்த நீர் பாய்ந்தால் பழம் வெடிக்கும். சீரான நீர்ப்பாய்ச்சலே இதற்கும் தீர்வாகும். இலைகளை அளவுக்கு மீறிக் கழித்தால் காய் வெயிலில் வெளுத்துக் கொப்புளிக்கும்.

பாதிக்கப்பட்ட காய் மீண்டும் நலமடையாது. அதனைப் பறித்துவிட்டால் பிற காய்களுக்கு ஊட்டம் கிடைக்கும். நீர்ப்பாய்ச்சலைச் சீராக்கினால் அடுத்து வரும் கொத்துகள் பெரும்பாலும் நன்கு காய்க்கும்.