டிஷ்ஷைப் பழைய இரும்புக்குப் போடும் முன்... மோட்டாரைப் பாருங்க!

மதுரைப் பக்கம் பழைய வீட்டு மொட்டை மாடிகளில் எட்டடி வலை டிஷ் ஒன்று காக்காய்க்கு இருக்கையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1991 வளைகுடாப் போரை சி.என்.என். நேரலையில் காட்டியபோது நம் ஊருக்குள் நுழைந்த மோகம் அது. பின்னால் டி.டி.எச். வந்து ஓரங்கட்டிவிட்டது. ஆனாலும், சந்தா கட்டாமல் பல நாட்டுச் சேனல்களைத் தேடிப் பிடிக்கும் ரசிகர்கள் மோட்டார் டிஷ்ஷை இன்னும் விடவில்லை. திடீரென்று அது திரும்ப மறுத்தால்தான் சிக்கல். “ஆயுசு முடிஞ்சுபோச்சு” என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் போயிருப்பது டிஷ் இல்லை. அதைத் தள்ளி இழுக்கும் மோட்டார் ஆர்ம். கடைக்காரர்கள் ‘ஆக்சுவேட்டர்’ என்பார்கள்.

டி.வி. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. மதுரையிலிருந்து பார்த்தால் அந்த வரிசை ஏறக்குறைய தலைக்கு மேலேயே வளைந்து போகும். 78.5 டிகிரியில் இருக்கும் தாய்காம் நமக்கு நேர் தெற்கு. அதைப் பிடிக்க டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கும். மேற்கே 66 டிகிரி இன்டெல்சாட், கிழக்கே 105.5 டிகிரி ஆசியாசாட் என்று அதைச் சாய்ப்பதுதான் ஆர்மின் வேலை. உள்ளே நீளமான ஸ்க்ரூ, அதில் ஓடும் நட், பல்சக்கரங்கள். ஆடிக் காற்று டிஷ்ஷை உலுக்கும்போது அத்தனை பாரமும் அந்த நட் மேல்தான். ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஐப்பசி மழை உள்ளே இறங்கித் துருப்பிடிக்க வைத்துவிடும்.

எது போச்சு என்பதை மோட்டாரே சொல்லும். உறுமல் கேட்டும் டிஷ் அசையவில்லையா? பல்சக்கரமோ நட்டோ தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் நகர்ந்து நின்று, பெட்டியில் ‘எரர்’ வருகிறதா? சுற்றுகளை எண்ணும் ரீட் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். விரல்நுனி அளவுக் கண்ணாடிக் குழாய்தான். அதை மட்டும் மாற்றினால் போதும். முழு ஆர்மும் வாங்க வேண்டியதில்லை. காற்றடித்தால் மட்டும் படம் உடைந்தால், ஆர்மின் முனையில் உள்ள போல்ட் லூஸாகியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் முதலில் வயரைப் பாருங்கள். 36 வோல்ட் மோட்டார் வரைக்கும் போகிறதா? மதுரை வெயிலில் வயர் உறை வெடிப்பது சகஜம்.

ஆர்மையே மாற்றுவதென்றால், முதல் போல்ட்டைத் தொடும் முன் டிஷ்ஷை இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஆர்மைக் கழற்றியதும் தாங்க ஆளில்லாமல் மொத்த டிஷ்ஷும் ஒரு பக்கம் சடாரென்று சாயும். அடியில் கையோ தலையோ இருந்தால் தப்பாது. கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று தனியாளாக இதைச் செய்யவே கூடாது.

புதுசு வாங்கும்போது பழைய நீளமே இருக்கட்டும்: 18 அங்குலத்துக்கு 18, 24-க்கு 24. பழைய ஆர்மில் கிளாம்ப் இருந்த இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவைத்தால் பாதி வேலை மிச்சம். கிளாம்ப்பை வெறியோடு முறுக்காதீர்கள், குழாய் நசுங்கி ஆர்ம் சிக்கிக்கொள்ளும். மோட்டார் மூடியிலுள்ள நீர் வடியும் ஓட்டை கீழ்நோக்கி இருக்கட்டும். மோட்டாருக்கு இரண்டு வயர், சென்சாருக்கு இரண்டு. மோட்டார் வயர்கள் தங்களுக்குள் மாறினால் டிஷ் எதிர்ப்பக்கம் போகும், அவ்வளவுதான். 36 வோல்ட் சென்சாருக்குப் போனால் ரீட் சுவிட்ச் காலி.

புது ஆர்மின் எண்ணிக்கைக் கணக்கு வேறாக இருக்கலாம். எனவே பெட்டியில் பழைய இடங்களை அழித்து, இரு எல்லைகளையும் முதலில் குறித்துவிட்டு, ஒவ்வொரு செயற்கைக்கோளாகப் புதிதாகப் பதிய வேண்டும். ஒரு மாலை நேரம் இதற்கே போய்விடும்.

மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ பகலில் சில நிமிடங்கள் படம் மறைந்தால், புது ஆர்மைத் திட்டாதீர்கள். அந்த நேரம் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கும். மாடிக்குப் போய்ப் பாருங்கள்: எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்தால், நீங்கள் பூட்டிய ஆர்ம் சரியான இடத்தில்தான் நிற்கிறது.